கடல் அட்டையின் குடல் பாக்டீரியா இறால் குட்டைக்கு உதவுமா?

வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வலையில் கடல் அட்டை ஏறினால் எங்கள் ஊரில் கடலிலேயே விட்டுவிடுகிறோம். சீனாவில் அட்டையின் குடலிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துத் தீவனத்தில் கலக்கிறார்கள், மருந்தும் செய்கிறார்கள் என்கிறார்கள். அது உண்மையா? அந்தக் குடலை அரைத்துக் குட்டையில் விட்டால் இறாலுக்கு நோய் தரும் வைப்ரியோ பாக்டீரியா அடங்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள், தம்பி. வைப்ரியோ கடல்நீரிலும் சேற்றிலும் இயல்பாகவே வாழ்வது. சேற்றை விழுங்கிப் பிழைக்கும் உயிரின் குடலில் அது இல்லாமல் இருக்காது. குட்டைத் தண்ணீரை லேபில் கொடுத்து, தட்டில் வளரும் வைப்ரியோவில் மஞ்சள் காலனி எத்தனை, பச்சைக் காலனி எத்தனை என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர் நீங்கள். எந்த வைப்ரியோ, எவ்வளவு என்று தெரியாத ஒன்றைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, அட்டையின் உடம்பில் சப்போனின் என்னும் நஞ்சு இருக்கிறது. குஞ்சு விடுவதற்கு முன் களை மீனைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுகிறோமே, அதில் மீனைக் கொல்வதும் சப்போனின்தான். அட்டையில் இருக்கும் வகைக்கு ஹோலோதூரின் என்று பெயர். பசிபிக் தீவுகளில் அட்டையை நசுக்கிப் பாறைக்குழித் தண்ணீரில் விட்டு, மயங்கும் மீனைப் பிடிக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. இவை போக, சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை இனங்கள் அனைத்தையும் 2001இல் சேர்த்தார்கள். பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குடல் மட்டும்தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி மீதிக் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, விரிவாகப் பேசவேண்டிய கேள்வி.

கடல் அட்டை நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் முட்தோல் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் பாக் விரிகுடாப் பக்கம் பேர்போனது வெள்ளை அட்டை. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா. இது வாயைச் சுற்றியுள்ள குட்டையான விரல்களால் தரையின் மேல்மண்ணை அள்ளி உள்ளே தள்ளிக்கொண்டே ஊரும். மண் அதற்கு உணவில்லை. மண்துகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மட்கிய கடற்புல் இவற்றைச் செரித்துக்கொண்டு மண்ணை வெளியே விட்டுவிடும். இனத்தையும் உடல் அளவையும் பொறுத்து ஓர் அட்டை ஆண்டுக்குப் பத்து கிலோவிலிருந்து எண்பது கிலோ வரை மண்ணைக் குடல் வழியே புரட்டிப் போடுகிறது.

ஆகவே இந்தக் குடலை ஆராய்கிறவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். பாக்டீரியா அட்டைக்குச் சாப்பாடாகவும் இருக்கிறது, அதன் குடலில் குடித்தனக்காரராகவும் இருக்கிறது. குடலை அறுத்துப் பார்க்கும்போது கிடைப்பதில் எது செரிக்கப்படப் போகிற சோறு, எது தங்கி வாழ்கிற கூட்டம்? அதனால்தான் முன்குடல், பின்குடல், அட்டை கிடந்த இடத்துச் சேறு மூன்றையும் தனித்தனியே எடுத்து, பாக்டீரியாவின் மரபணுவைப் படித்து ஒப்பிடுகிறார்கள். புரோட்டியோபாக்டீரியா, பாக்டீராய்டீட்ஸ், ஃபிர்மிக்யூட்ஸ் என்னும் பெருங்குழுக்கள் எங்கும் வருகின்றன. ஆனால் அவற்றின் விகிதம் சேற்றில் ஒன்றாகவும் குடலில் வேறாகவும் இருக்கிறது, குடலுக்குள்ளேயே முன்னும் பின்னும் மாறுகிறது. அதாவது வந்ததெல்லாம் தங்குவதில்லை. சிலது செரித்துப்போகிறது, சிலது செரிக்காமலே வெளியேறிவிடுகிறது, சிலது பெருகுகிறது.

அட்டைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதிரி நெருக்கினாலோ, சூடோ நெரிசலோ தாங்காமல் போனாலோ, பல இனங்கள் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும். பழைய குடலோடு அதில் இருந்த கூட்டமும் போய்விட்டது. புதுக் குடலுக்கான வித்து, மறுபடி விழுங்கத் தொடங்கும் சேற்றோடுதான் பெரும்பாலும் உள்ளே போகவேண்டும். இதனால்தான், அட்டைக் குடலின் செல்வம் என்று நாம் சொல்வது முக்கால்வாசி கடல்தரையின் செல்வம் என்று நான் நினைக்கிறேன். அட்டை அதைப் பொறுக்கிச் சேர்த்துத் தருகிறது. இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் குட்டைக்கு எது உதவும் என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

நான் படித்தவற்றில் மிகவும் பிடித்த ஆய்வு ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டது. குஞ்சுப் பண்ணையில் ஒரே நாளில் பொரித்து, ஒரே தொட்டியில், ஒரே தீவனத்தில் வளரும் அட்டைக் குஞ்சுகள் ஒன்று பெரிதும் ஒன்று பொடியுமாக வளரும். இறால் வளர்ப்பவருக்கு இந்தத் தலைவலி தெரியும். பெரிய குஞ்சுக்கும் சிறிய குஞ்சுக்கும் குடலில் என்ன வேறுபாடு என்று அவர்கள் பார்த்தார்கள். அதற்காக ஒரு குஞ்சையும் அறுக்கவில்லை. ஒவ்வொன்றின் எச்சத்தையும் தனியே சேகரித்து, அதிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவை மட்டும் படித்தார்கள். நன்கு வளர்ந்த குஞ்சுகளின் எச்சத்தில் ரோடோபாக்டரேல்ஸ் என்னும் வகையினம் கூடுதலாக இருந்தது. அந்த வகையினத்தில் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பொருளைச் செய்யும் மரபணுக்களும் இருந்தன. வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் இனி பி.எச்.பி. என்றே சொல்கிறேன்.

பி.எச்.பி. என்ன என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு முக்கியம். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல, சாப்பாடு மிஞ்சும்போது சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள்ளேயே இதை மணிமணியாகச் சேர்த்து வைக்கின்றன. அந்தப் பாக்டீரியா ஒரு விலங்கின் குடலில் உடையும்போது பி.எச்.பி.யும் உடைந்து, ஹைட்ராக்சிபியூட்டிரிக் அமிலம் என்னும் சிறு அமிலமாகிறது. இந்த அமிலம் குடல் செல்களுக்கு எரிபொருளாகும், வைப்ரியோ போன்றவற்றின் வளர்ச்சியையும் தடுக்கும். இது வெறும் ஊகமில்லை. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட சோதனையில் ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் உயிரியின் குஞ்சுகளுக்கு பி.எச்.பி. கொடுத்து, பிறகு வைப்ரியோ கேம்பெல்லி என்னும் நோய்க்கிருமியை விட்டுப் பார்த்தார்கள். பி.எச்.பி. பெற்றவை கூடுதலாகப் பிழைத்தன. இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் தீவனமாகப் போடுகிறார்களே, அதே ஆர்ட்டீமியாதான். அதன் பிறகு மீனிலும் இறாலிலும் இதைப் பலர் சோதித்து வருகிறார்கள். ஆண்டிபயாடிக் எச்சம் இருக்கிறது என்று ஏற்றுமதி இறாலைத் திருப்பியனுப்பும் காலத்தில், ஆண்டிபயாடிக் இல்லாமல் வைப்ரியோவை அடக்கும் வழி ஒவ்வொன்றும் நமக்கு வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரிய குஞ்சில் அந்தப் பாக்டீரியா அதிகம் என்றால், பாக்டீரியாவால் குஞ்சு வளர்ந்ததா, வளர்ந்த குஞ்சின் குடலில் அது இடம் பிடித்ததா? எச்சத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, ஒரு தொட்டிக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விட்டுப் பார்க்கவேண்டும்.

சீனாவில் அப்படிச் செய்திருக்கிறார்கள். நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மையான பகுதி அதுதான். ஷான்டோங், லியாவ்நிங் கரையோரங்களில் அப்போஸ்டிகோபஸ் ஜப்பானிகஸ் என்னும் அட்டையைப் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். அங்கே தோல் அழுகி அட்டைகள் கூட்டமாகச் சாகும் நோய் வந்தது. வைப்ரியோ ஸ்பிளெண்டிடஸ் என்பது அதன் முக்கியக் காரணிகளில் ஒன்று. அட்டைகளின் குடலிலிருந்தும் பண்ணைச் சூழலிலிருந்தும் பேசில்லஸ், பாராகாக்கஸ் என்னும் பாக்டீரியா ரகங்களைப் பிரித்தெடுத்துத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். வளர்ச்சி கூடியதாகவும், நோய் எதிர்ப்பு தூண்டப்பட்டதாகவும், வைப்ரியோவை விட்டுச் சோதித்தபோது சாவு குறைந்ததாகவும் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. நம்பத்தக்க முடிவுகள்தான். ஆனால் அது குளிர்நீர் அட்டை. வெயில் காலத்தில் தீனியை நிறுத்தி, குடல் சுருங்கி, மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் உயிர். நம் வெள்ளை அட்டைக்கு அந்த உறக்கமே கிடையாது. அங்கே அட்டைக்கு உதவிய ரகம் வேதாரண்யத்தின் சித்திரை வெயிலில் வனாமி இறாலுக்கு உதவும் என்று யாராவது பவுடர் விற்றால், எந்த இறாலில், எந்த உப்பளவில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். சோதனைத் தாளைக் காட்டினால் வாங்குங்கள்.

அடுத்தது நொதிகள். என்சைம் என்றால் உங்களுக்குத் தெரியும். அட்டை விழுங்கும் சேற்றில் கடற்பாசித் துணுக்கும் கடற்புல் சக்கையும் நிறைய. அவற்றின் கெட்டியான சர்க்கரைச் சங்கிலிகளை வெட்ட அட்டையின் சொந்த நொதிகள் எல்லா இடத்திலும் போதாது. அங்கே பாக்டீரியா கைகொடுக்கிறது. அட்டைக் குடலிலிருந்து பிரித்த வைப்ரியோ, சூடோஆல்டெரோமோனாஸ், பேசில்லஸ் வகைகளில், கடற்பாசியிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளான ஆல்ஜினேட்டை வெட்டுவது, அகாரை வெட்டுவது, செல்லுலோஸை வெட்டுவது, புரதத்தை வெட்டுவது என்று பலவகை நொதிகளைக் கண்டிருக்கிறார்கள். ஆல்ஜினேட்டைச் சிறு துண்டுகளாக வெட்டினால் கிடைப்பவை பயிர் வளர்ச்சியைத் தூண்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டெல்டாவில் நெல்லுக்குக் கடற்பாசித் திரவ உரம் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த உரத்தைச் செய்யும் முறையைச் செம்மைப்படுத்த இப்படிப்பட்ட நொதிகள் உதவலாம். நுரையீரல் நோயாளிகளின் சளியில் சூடோமோனாஸ் கிருமி ஆல்ஜினேட் போர்வை போர்த்திக்கொண்டு மருந்துக்குத் தப்புகிறது. அந்தப் போர்வையைக் கிழிக்க இதே வகை நொதியைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியும் நடக்கிறது. கடல் பாக்டீரியாவின் நொதிகளில் பல உப்பிலும் வேலை செய்யும் என்பது கூடுதல் நன்மை. கடைமடையில் உப்பேறிய வயலில் வைக்கோல் மட்க மறுக்கும் இடங்களை நினைக்கும்போது, உப்புத் தாங்கும் செல்லுலோஸ் வெட்டிகளை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தீவிரமாகத் தேடவேண்டும் என்பது என் ஆசை.

மருந்து விஷயத்தில் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். குடல் பாக்டீரியாக்கள் பிற கிருமிகளைத் தடுக்கும் பொருட்களைச் சுரப்பது உண்மை. நெருக்கடியான இடத்தில் அண்டை வீட்டாரை விரட்ட அவற்றுக்கு அது தேவை. லேபில் தட்டில் வைத்தால் சுற்றிலும் தெளிவான வளையம் விழுகிறது. வளையத்திலிருந்து மாத்திரை வரை உள்ள தூரம் மிக நீளம். அட்டைக் குடல் பாக்டீரியாவிலிருந்து மருந்துக் கடைக்கு வந்த மருந்து இன்றுவரை கிடையாது. அட்டையைப் பற்றிப் பேசப்படும் ரத்த உறைவுத் தடுப்பு, புற்றுநோய் எதிர்ப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை அதன் தோல்சுவரில் உள்ள சர்க்கரைச் சேர்மங்களையும் சப்போனின்களையும் பற்றியவை. அவை பாக்டீரியாவைப் பற்றியவை அல்ல. செய்திகளில் இரண்டையும் குழப்பி எழுதிவிடுகிறார்கள்.

குடல் பாக்டீரியா ஆய்வு புதிதாக முளைத்ததும் இல்லை. காலரா கிருமி ஆய்வுக்குப் பேர்பெற்ற ரீட்டா கோல்வெல்லும் ஜோடி டெமிங்கும் 1980களின் தொடக்கத்திலேயே ஆழ்கடல் அட்டைகளின் குடலைப் பார்த்து, அங்கே இருக்கும் கடும் அழுத்தத்தில் நன்கு செழிக்கும் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார்கள்.

அட்டை உயிரோடு கடலில் இருப்பதாலேயே கிடைக்கும் பயன் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் பவளத் திட்டுகளில் அட்டைகளை அகற்றிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. அட்டை இல்லாத இடத்தில் பவளத் தொகுதி முழுதாகச் சாவது ஏறத்தாழ 15 மடங்கு கூடியது. அழுகல் சேறும் அதில் பெருகும் நோய்க்கிருமிகளும் அட்டையின் குடல் வழியே போய்க்கொண்டே இருந்ததால்தான் பவளம் தப்பித்திருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடற்புல் படுகைகளிலும் அட்டை குறைந்தால் புல் வளர்ச்சி பாதிக்கும் என்று சோதனைகள் உண்டு. நம் ஊருக்கு இது தொலைதூரக் கதை இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுக் காப்பகத்தை 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். கடல்பசு மேயும் அதே கடற்புல்தான் வெள்ளை அட்டைக்கும் வீடு. மல்லிப்பட்டினத்து வலையில் ஏறிய அட்டையை உயிரோடு திருப்பி விடுகிறவர் அந்தப் புல்தரைக்குச் சோறு போடுகிறார்.

டெல்டா கரை முழுதும் அட்டைக்கு ஒத்த இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். முட்தோல் கூட்டத்தில் நன்னீரில் வாழும் உயிர் ஒன்றுகூட இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கொள்ளிடமும் அதன் தெற்கே உள்ள கிளை ஆறுகளும் வெள்ளத்தைக் கொட்டும்போது முகத்துவாரங்களில் உப்பு சரிந்துவிடும். பூம்புகார், தரங்கம்பாடி, நாகை பக்கம் திறந்த கடல், அலையும் மணலும். கோடியக்கரையைச் சுற்றித் தெற்கே திரும்பினால் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத அமைதியான நீர், கடற்புல். அட்டை அங்கேதான் நிலைக்கும். அதனால்தான் குட்டையிலேயே அட்டை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் நான் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். உலகிலேயே முதன்முதலாக வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிக்க வைத்தது நம் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், 1988இல். அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு பல நாடுகள் பண்ணை வைத்திருக்கின்றன, எதிரே யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் பண்ணைகள் இருக்கின்றன. நம்மிடம் சட்டம் அனுமதிக்கவில்லை. அனுமதித்தாலும், மழையில் உப்பு சரியும் உங்கள் குட்டையில் அது ஆண்டு முழுதும் தாங்காது. ஒரே குட்டையில் வனாமியோடு விட்டால் இறாலே அட்டைக் குஞ்சைக் கொத்திவிடக்கூடும்.

பாக்டீரியாவுக்கு இந்தத் தடைகள் இல்லை. ஒரு நல்ல ரகத்தை ஒருமுறை பிரித்துவிட்டால் லேபில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கலாம், மறுபடி கடலுக்குப் போகவேண்டியதில்லை. நாற்றங்காலுக்கு நாம் வாங்கும் அசோஸ்பைரில்லம் என்னும் உயிர் உரமும் எப்போதோ ஒரு வேரிலிருந்து பிரித்த ரகத்தின் சந்ததிதான். அந்த முதல் பிரித்தலுக்கும் அட்டையைக் கொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் செய்தது போல எச்சம் போதும், அல்லது அட்டை மேயும் இடத்துச் சேறே போதும். எச்சத்தையும் கேட்காமல் எடுக்காதீர்கள். காப்பகப் பகுதி, அட்டவணை உயிர் என்பதால் ஆய்வு அனுமதி வனத்துறை வழியாகத்தான் வாங்கவேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கல்விக்கும் அறிவியல் ஆய்வுக்கும் அப்படி அனுமதி தர இடம் கொடுக்கிறது. தனி ஆளாக அலைவதைவிட நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் குட்டைக்கு இன்றே பயன்படக்கூடியது அதைவிட எளிது. நோய் வந்த பருவத்திலும் நன்றாகத் தப்பிய குட்டை ஒன்று உங்கள் பகுதியில் இருக்கும். அந்தக் குட்டையின் அடிச்சேறு உங்கள் உப்புக்கும் வெயிலுக்கும் பழகியது. அந்தச் சேற்றை லேபில் கொடுத்து, 80 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்துப் பிறகு வளர்க்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் வைப்ரியோ செத்துவிடும். வித்து உறை போட்டுக்கொள்ளும் பேசில்லஸ் வகைகள் பிழைக்கும். அவற்றில் எது இறாலுக்கு நோய் தரும் வைப்ரியோ பாராஹீமோலிட்டிகஸை அடக்குகிறது என்று தட்டில் பார்க்கவேண்டும். ரத்தத் தட்டில் வளர்த்து ரத்தச் செல்லை உடைக்கிறதா என்று பார்த்து, உடைப்பதை ஒதுக்கவேண்டும். பேசில்லஸ் சீரியஸ் மனிதருக்கு உணவு நஞ்சு உண்டாக்கக் கூடியது என்பதால் மரபணு படித்துப் பெயர் தெரிந்துகொள்வது கட்டாயம். ஆண்டிபயாடிக்குக்குத் தாங்கும் தன்மை இருந்தால் அந்த ரகம் வேண்டாம், அந்தக் குணம் நோய்க்கிருமிக்குத் தாவக்கூடும். இத்தனையும் தேறியதைச் சிறு தொட்டியில் இறாலோடு வைத்துச் சோதித்த பிறகே குட்டைக்கு. ஒரு பருவமாவது பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

அடிச்சேற்றைத் தின்னும் பாக்டீரியா என்ற கோணத்தையும் நான் பெரிதாக மதிக்கிறேன். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, பண்ணைக் கழிவுநீர் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மிச்சத் தீவனமும் எச்சமும் சேர்ந்த கறுப்புச் சேறு இன்றும் அறுவடைக்குப் பிறகு வாய்க்காலில்தான் போகிறது. அட்டைக் குடலில் இருப்பது போன்று புரதத்தையும் செல்லுலோஸையும் உப்புநீரில் வெட்டும் ரகங்கள் இந்தச் சேற்றைக் குட்டையிலேயே குறைக்குமானால், அக்கம்பக்கத்து நிலத்துக்காரரோடு உள்ள பழைய மனத்தாங்கலும் குறையும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நம் சேற்றுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்து வெளியிலிருந்து யாராவது மாதிரி கேட்டு வரலாம். உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002, நுண்ணுயிரிகளையும் உயிர்வளம் என்றே கணக்கிடுகிறது. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ ஆய்வுக்கோ வணிகத்துக்கோ அதை எடுக்க, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கிடைக்கும் பயனில் உள்ளூருக்குப் பங்கு உண்டு. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று விசாரித்து, உங்களைப் போன்ற இறால் விவசாயிகளும் மீனவர்களும் அதில் உறுப்பினராகுங்கள். சேற்றைக் கொடுக்கும் முன் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.